வண்ண மீன்களைத் தாக்கும் வெண்புள்ளி நோய்: தனித்தொட்டியில் வைத்துக் காப்பாற்றும் முறை

போடிநாயக்கனூர் பகுதியில் தோட்ட வேலையோடு சேர்த்து, வீட்டுப் புறக்கடையில் சிமெண்ட் தொட்டியிலோ படுதாக் குட்டையிலோ வண்ண மீன் வளர்ப்பவர்கள் ஐப்பசி முதல் தை வரை கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். மழையும் பனியும் சேர்ந்து தண்ணீர் குளிரும் இந்த மாதங்களில்தான் வெண்புள்ளி நோய் அதிகம் வருகிறது. கவனிக்காமல் விட்டால் ஒரே வாரத்தில் தொட்டியே காலியாகிவிடும்.

அறிகுறிகள்

மீனின் உடலிலும் துடுப்பிலும் உப்புத் தூள் தூவியது போல வெண்புள்ளிகள் தெரியும். மீன்கள் தொட்டிச் சுவரில் உடலை உரசும். இரை எடுக்காது. செவுளைத் தாக்கினால் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும்.

நோய் பரவும் விதம்

இது கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணியால் வருகிறது. மீனின் தோலுக்குள் வளரும் ஒட்டுண்ணி, முதிர்ந்ததும் உதிர்ந்து தொட்டியின் அடியில் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஒன்று நூற்றுக்கணக்காகப் பெருகி, நீந்திச் சென்று அடுத்த மீனைப் பிடிக்கும். தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதை எட்டாது. நீரில் நீந்தும் நிலையில் மட்டுமே அது சாகும். நீந்தும் நிலையில் இரண்டு நாட்களுக்குள் மீன் கிடைக்காவிட்டால் தானாகவே மடிந்துவிடும். தனித்தொட்டி முறையின் அடிப்படையே இதுதான்.

தனித்தொட்டி அமைப்பது

* 100 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டி அல்லது பிளாஸ்டிக் தொட்டி போதும். மணல், கல், செடி எதுவும் வேண்டாம்.
* ஏர் பம்ப் அவசியம். மின்தடை அடிக்கடி ஏற்படும் இடங்களில் பேட்டரியில் இயங்கும் பம்ப் ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.
* குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் முழுவதும் ஏர் பம்ப் ஓடவிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.
* ஓடைத் தண்ணீர் என்றால், மேலே உள்ள ஏலத் தோட்டங்களில் மருந்து தெளித்த நாட்களில் எடுக்கக் கூடாது. தெளிப்பானுக்குப் பயன்படுத்திய வாளி, குடத்தையும் இதற்குத் தொடாதீர்கள். பூச்சிமருந்தின் சிறு எச்சமே மீனைக் கொன்றுவிடும்.

ஒரு மீனில் புள்ளி தெரிந்தாலே மற்றவற்றிலும் நோய் இருக்கக்கூடும். எனவே இடமிருந்தால் அந்தத் தொட்டியின் எல்லா மீன்களையும் மாற்றுவது நல்லது. பழைய தொட்டியை வடித்துத் தேய்த்துக் கழுவி, மூன்று நான்கு நாட்கள் வெயிலில் காயவிடுங்கள்.

உப்பு சிகிச்சை

அயோடின் கலக்காத கல் உப்பே போதும். 100 லிட்டருக்கு 300 கிராம் என்பது தங்கமீன், கோய் கெண்டை, கப்பி, மோலி ஆகியவற்றுக்கு ஏற்ற அளவு. மீன்களை விட்ட பின், உப்பைத் தனியே கரைத்து 8 மணி நேர இடைவெளியில் 100 கிராம் வீதம் மூன்று முறை ஊற்ற வேண்டும். செதில் இல்லாத மீன்களுக்குப் பாதி அளவு போதும்.

இந்தத் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் இருக்காது. அதனால் அம்மோனியா விரைவில் சேரும். இரையைக் குறைத்து, தினமும் 30 லிட்டர் தண்ணீரை மாற்றுங்கள். புதிய 30 லிட்டருக்கு 90 கிராம் உப்பு மட்டும் சேர்த்தால் போதும். வெளியேற்றும் உப்புத் தண்ணீரைச் செடிக்கோ ஓடைக்கோ விடக் கூடாது.

ஹீட்டர் இருந்தால் வெப்பத்தை மெதுவாக 28 டிகிரிக்கு உயர்த்தலாம். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் அப்போது காற்று கூடுதலாகத் தேவை.

எப்போது நிறுத்துவது?

பலரும் தவறுவது இங்கேதான். புள்ளி மறைந்ததும் நோய் போய்விட்டது என்று மீனைப் பழைய தொட்டியில் விட்டுவிடுகிறார்கள். உதிர்ந்த ஒட்டுண்ணி அடியில் பெருகிக்கொண்டிருக்கும். 25 டிகிரியில் அதன் வாழ்க்கைச் சுழற்சி ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். 15 டிகிரி குளிரில் இரண்டு வாரம் வரை நீளும். எனவே கடைசிப் புள்ளி மறைந்த பிறகு, அடிவாரத்தில் ஒரு வாரமும், குரங்கணி, போடிமெட்டு போன்ற குளிர்ந்த இடங்களில் இரண்டு வாரமும் சிகிச்சையைத் தொடர வேண்டும்.

கடல் மீன் வைத்திருப்போர் கவனத்துக்கு

கோமாளி மீன் போன்ற கடல் மீன்களில் வரும் வெண்புள்ளிக்கு வேறோர் ஒட்டுண்ணி காரணம். கல் உப்பு இதற்குப் பயன்படாது. செம்பு மருந்தைத் தனித்தொட்டியில் மட்டும், சோதனைக் கருவியால் அளந்து பயன்படுத்த வேண்டும். முதன்மைத் தொட்டியில் ஊற்றினால் இறால், பவளம் எல்லாம் இறந்துவிடும். அந்தத் தொட்டியை ஆறு வாரமாவது மீன் இல்லாமல் விட வேண்டும்.

செய்யக் கூடாதவை

* மாலகைட் பச்சை போன்ற சாய மருந்துகளை உணவுக்கு வளர்க்கும் கட்லா, ரோகு குட்டையில் பயன்படுத்தவே கூடாது. அது மீனின் சதையில் தங்கும்.
* ஒரே வலையை இரண்டு தொட்டிகளுக்கும் பயன்படுத்தக் கூடாது.
* காரணம் தெரியாமல் ஆன்டிபயாட்டிக் போடக் கூடாது. ஒட்டுண்ணி அதனால் சாகாது.

வரும்முன் காப்போம்

சென்னை கொளத்தூர் போன்ற சந்தைகளில் இருந்து வாங்கிவரும் மீன்கள் நீண்ட பயணத்தில் களைத்திருக்கும். அவற்றை மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்த்த பின்பே மற்ற மீன்களோடு சேர்க்க வேண்டும். அந்த மூன்று வாரப் பொறுமை, ஏற்கெனவே வளர்ந்து விற்பனைக்கு நிற்கும் மீன்களைக் காப்பாற்றும். நோய் கட்டுக்குள் வராவிட்டால், உயிருள்ள மீன் ஒன்றையும் தொட்டித் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு மீன்வளத் துறை அலுவலர்களை அணுகி ஆலோசனை பெறலாம்.