களிமண்ணின் இரண்டு வலிமைகள்

இன்று நிரல் எழுதிப் பிழைத்தாலும் முதுநிலையில் நான் படித்தது மண் பொறியியல். "மண்ணில் படிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ரிஸ்ஸாவின் கதையைச் சொல்வேன்.

1978 ஏப்ரல் 29. நார்வேயின் ரிஸ்ஸாவில், பண்ணைக் கொட்டகைக்காகத் தோண்டிய சுமார் 700 கனமீட்டர் மண்ணை ஏரிக்கரையில் குவித்தார்கள். கரை சரிந்தது. சரிவு பின்னோக்கிப் பரவி, ஐம்பது லட்சம் கனமீட்டருக்கும் மேலான களிமண் குழம்பாகி ஓடியது. ஒருவர் இறந்தார்.

பனியுக முடிவில் கடலடியில் படிந்த களிமண் அது. பனிப்பாளத்தின் சுமை நீங்கியதும் நிலம் மேலெழுந்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நன்னீர் ஊறி உப்பைக் கழுவியது. துகள்கள் மட்டும் சீட்டுக்கட்டு வீடுபோல அப்படியே நின்றன. கலையாதவரை கெட்டி, கலைந்தால் கூழ்.

மண்ணின் ஒரு பகுதி இன்னொன்றின் மேல் வழுக்காமல் எதிர்க்கும் திறனே வெட்டு வலிமை. அதை அளக்க எளிய வழி கூம்புச் சோதனை. சுமார் நூறாண்டுகளுக்கு முன் ஸ்வீடன் ரயில்வேயின் மண் ஆய்வுக் குழு உருவாக்கியது. உலோகக் கூம்பின் நுனி மண்ணைத் தொடுமாறு நிறுத்தி, கையை விட்டுவிட வேண்டியதுதான். இறங்கிய ஆழம் இரு மடங்கானால் வலிமை கால் பங்கு. பிறகு அதே மண்ணை நன்றாகப் பிசைந்து மீண்டும் அளக்க வேண்டும். முதல் வலிமையை இரண்டாவதால் வகுத்தால் வருவது உணர்திறன். ரிஸ்ஸா போன்ற களிமண்ணில் அது மிகப் பெரிய எண்.

இன்னும் நுட்பமானது ட்ரையாக்சியல். உருளை வடிவ மாதிரியை ரப்பர் உறையில் பொதிந்து, சுற்றிலும் நீரழுத்தம் தந்து, மேலிருந்து அழுத்துவது. களிமண்ணிலிருந்து நீர் மெல்லத்தான் வடியும். அவசரப்பட்டால் துளைகளில் சிக்கிய நீரின் அழுத்தம் மாறி, துகள்கள் உண்மையில் தாங்கும் சுமை தெரியாமல் போகும்.

நான் அவசரப்பட்டேன். நீர் வடியவிட்டுச் செய்யவேண்டிய சோதனையை இரண்டு நாள் முன்னதாக முடிக்க வேகத்தைக் கூட்டினேன். வரைபடம் அழகாக வந்தது. "இது எந்த நிலையின் வலிமை?" என்றார் ஆசிரியர். முழுக்க வடிந்ததும் இல்லை, முழுக்க அடைபட்டதும் இல்லை. தாளைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்.

2020 டிசம்பர் 30 அன்று, நார்வேயின் யெர்ட்ரமில் ஓடை அரித்த இதே வகைக் களிமண் சரிந்து பத்துப் பேர் இறந்தார்கள். கணிப்பு மென்பொருளில் 'வலிமை' என்று ஒரே ஒரு கட்டம் இருக்கும். எந்த எண்ணைத் தந்தாலும் வாங்கிக்கொள்ளும். அந்த எண் எந்தச் சோதனையில், எந்த வேகத்தில், கலைத்தா கலைக்காமலா வந்தது என்று மனிதர்தான் கேட்கவேண்டும்.