பெட்டிகளும் கோடுகளும்

தேக்கா சந்தையிலிருந்து ரோச்சோர் பக்கமாக நடந்தால் சற்று நேரத்தில் மெக்நெல்லி ஸ்திரீட் வந்துவிடும். லாசால் கலைக் கல்லூரி 2007ஆம் ஆண்டிலிருந்து அங்கேதான் இருக்கிறது. மல்லிகைச் சரமும் மளிகையும் வாங்க லிட்டில் இந்தியாவுக்கு வருகிறவர்களில் பலர் அந்தக் கறுப்புக் கட்டடங்களைத் தாண்டித்தான் எம்ஆர்டி ஏறுகிறார்கள். அங்கே பாடம் நடத்தியவர் ஆண்ட்ரியாஸ் ஷ்லேகல் என்ற ஜெர்மானியக் கலைஞர். அவர் எழுதிய கன்ட்ரோல்பி5, ஆஸ்க்பி5 என்ற இரண்டு நிரல் தொகுப்புகளை இன்று பல நாடுகளில் மாணவர்களும் மேடைக் கலைஞர்களும் பயன்படுத்துகிறார்கள். யாரும் ஒரு வெள்ளிகூடக் கொடுக்க வேண்டியதில்லை. பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்கும் கொடுக்கலாம்.

இந்தத் தொகுப்புகள் பிராசஸிங் என்ற நிரல் கருவிக்காக எழுதப்பட்டவை. கேசி ரீஸும் பென் ஃப்ரையும் 2001ல் அமெரிக்காவின் எம்ஐடி ஊடக ஆய்வகத்தில் தொடங்கிய அந்தக் கருவி, ஓவியமும் வடிவமைப்பும் படித்தவர்களைத் துணிந்து நிரல் எழுத வைத்தது. நகர்த்தும் பட்டை, திருகும் குமிழ், பொத்தான் எல்லாவற்றையும் திரையில் வைத்துத் தருவது கன்ட்ரோல்பி5. ஒரு கணினியில் ஓடும் நிரலை இன்னொரு கணினியில் ஓடும் நிரலோடு பேச வைப்பது ஆஸ்க்பி5. மேடையில் ஆடுபவரின் அசைவை ஒரு மடிக்கணினி அளக்கிறது, அந்த எண்ணை வாங்கிக்கொண்டு பின்திரையின் நிறத்தை இன்னொரு மடிக்கணினி மாற்றுகிறது என்றால், இரண்டுக்கும் நடுவே செய்தி கொண்டுபோவது இப்படிப்பட்ட தொகுப்புதான்.

கல்யாண வீடியோ எடுப்பவர் படம்பிடித்துக்கொண்டு போய், வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, சில வாரம் கழித்துக் கொடுப்பார். அவருடைய கணினி எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் குடி முழுகிவிடாது. படத்தை அந்தக் கணமே மாற்றிக் காட்டுவது வேறு கதை. முழு எச்டி படத்தின் ஒரு சட்டத்தில் 1920 பெருக்கல் 1080, அதாவது 2,073,600 புள்ளிகள் உண்டு. விநாடிக்கு 30 சட்டங்கள் என்றால் 62 மில்லியனுக்கு மேல். ஒவ்வொரு சட்டத்துக்கும் கிடைக்கும் நேரம் 33 மில்லிவிநாடி. அதற்குள் படத்தை வாங்கி, கணக்குப் போட்டு, திரைக்கு அனுப்பிவிட வேண்டும். தவறினால் ஆடுபவரின் கை ஓரிடத்திலும் திரையில் தெரியும் கை வேறிடத்திலுமாகப் பார்வையாளர் கண்ணை உறுத்தும். ஆயிரம் தட்டுகளை ஒருவரே கழுவாமல் ஆயிரம் பேர் ஆளுக்கு ஒன்றாகக் கழுவி வைப்பதைப் போல, கணினிக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் சில்லு புள்ளிகளைப் பங்குபோட்டுக்கொள்வதால்தான் இது முடிகிறது.

அந்தச் சில்லுக்கு ஆணை கொடுக்கப் பக்கம் பக்கமாக நிரல் எழுதும் பொறுமை எல்லாக் கலைஞர்களுக்கும் இருக்காது. அவர்களுக்காக வந்ததுதான் காட்சிவழி நிரலாக்கம். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்யும். ஒரு பெட்டியின் அடியிலிருந்து அடுத்த பெட்டியின் தலைக்குக் கோடு இழுத்தால் படமோ எண்ணோ அந்த வழியே ஓடும். கோட்டை அழித்தால் அந்த ஓட்டம் நின்றுவிடும். நிரலை நிறுத்தி மறுபடி ஓடவிட வேண்டிய அவசியமே இல்லை. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோட்டை மாற்றலாம், விளைவு உடனே கண்ணுக்குத் தெரியும்.

இந்த வழியைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் மில்லர் பக்கெட். 1980களில் பாரிசின் இர்காம் இசை ஆய்வகத்தில் மேக்ஸ் என்ற மென்பொருளை உருவாக்கியவர் அவர். அது பிறகு விலைக்கு விற்கும் பண்டமானது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவுக்குப் போன பக்கெட், 1996ல் பியூர் டேட்டா என்ற இன்னொன்றை எழுதி யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியில் விட்டார். அது அடிப்படையில் ஒலிக்கான கருவி. அதற்குப் படம் கையாளும் திறனைக் கொடுத்தது மார்க் டேங்க்ஸ் தொடங்கிய ஜெம். அவர் விட்ட இடத்திலிருந்து அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருபவர் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரைச் சேர்ந்த யோஹான்னஸ் ஸ்மோல்னிக். எழுதியவர் விலகிய பிறகும் ஒரு மென்பொருள் உயிரோடு இருப்பது சாதாரண விஷயமன்று.

பரதநாட்டியம் பயிலும் மாணவி ஒருவர் அரைமண்டியில் அமர்ந்து நாட்டடவு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கால் நீளும் திசையெல்லாம் திரையில் ஒளி படர வேண்டும். ஜெம்மில் இதற்கு ஏழெட்டுப் பெட்டிகள் போதும். ஜெம்வின் என்ற பெட்டி சாளரத்தைத் திறக்கும். ஜெம்ஹெட் என்ற பெட்டியிலிருந்து சங்கிலி தொடங்கும். அதன்கீழ் பிக்ஸ்-வீடியோ, இது கேமராவைத் திறக்கிறது. அடுத்தது பிக்ஸ்-மூவ்மென்ட். இப்போதைய சட்டத்தையும் அதற்கு முந்தியதையும் புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டு, மாறாத புள்ளிகளை ஊடுருவித் தெரியும்படி ஆக்கிவிடுகிறது. ஒளிபுகும் தன்மையைக் காட்டும் பெட்டியையும் சேர்த்துக்கொண்டு, பிக்ஸ்-டெக்ஸ்சர் வழியாக ஒரு செவ்வகத்தின்மேல் படத்தைப் போர்த்தினால், அசையாத சுவரும் அசையாத உடம்பும் மறைந்து அசையும் பகுதி மட்டும் திரையில் நிற்கும். மாணவி அசையாமல் நின்றால் திரையில் யாருமே இல்லை. நீட்டிய கால் தரையைத் தொடும் அந்த நொடியில் ஒரு கீற்று தோன்றி மறைகிறது.

எவ்வளவு மாறினால் அசைவு என்று கொள்வது? அதைப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட ஓர் எண் முடிவு செய்கிறது. எண்ணைக் குறைத்தால் மூச்சுவிடும் தோளும் தெரியும், விளக்கு மினுக்குவதுகூடத் தெரியும். கூட்டினால் வேகமான கைவீச்சு மட்டும் மிஞ்சும். கலைஞர்கள் ஒத்திகையில் அதிக நேரம் செலவழிப்பது இந்த எண்ணோடுதான். பிக்ஸ்-பிளாப் என்ற பெட்டியையும் மாட்டினால் அசைவின் மையம் எங்கே இருக்கிறது என்று இடவலமாகவும் மேல்கீழாகவும் எண்கள் கொட்டும். அந்த எண்களைக் கொண்டு தம்புராச் சுருதியின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கலாம், ஆஸ்க்பி5 வழியாகப் பக்கத்துக் கணினிக்கும் அனுப்பலாம். சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949லிருந்து இருக்கிறது, பாஸ்கர் கலைக்கழகம் 1952லிருந்து இருக்கிறது. இத்தனை ஆண்டு ஆட்டப் பயிற்சி உள்ள ஊரில் ஒரு மடிக்கணினியும் ஒரு கேமராவும் சேர்ந்தால் என்னென்ன செய்யலாம் என்பதை நடனப் பள்ளிகள் இன்னும் துணிந்து சோதிக்க வேண்டும்.

மின்னணுக் கலை உலகில் இந்தக் கொடுத்து வாங்கும் பழக்கம் இந்த மென்பொருள்களுக்கும் முந்தியது. சிகாகோவில் டான் சாண்டின் 1971க்கும் 1973க்கும் இடையே ஒரு படமாற்றுப் பெட்டியைக் கட்டினார். அதில் பெட்டிக்குப் பெட்டி உண்மையான கம்பிகளை மாட்டி வீடியோவின் நிறத்தையும் உருவையும் ஓடும்போதே மாற்றலாம். அவரும் ஃபில் மார்ட்டனும் அதன் சுற்று வரைபடங்களைப் படியெடுக்கும் செலவுக்கே கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். வாங்கியவர்கள் தாங்களே பற்றவைத்துக் கட்டிக்கொண்டார்கள். இன்று திரையில் இழுக்கும் கோடு அந்தக் கம்பியின் வாரிசு.

2010 நவம்பரில் நடந்தது இன்னும் விறுவிறுப்பானது. மைக்ரோசாஃப்ட் 150 அமெரிக்க டாலர் விலையில் கைனெக்ட் என்ற விளையாட்டுக் கேமராவை வெளியிட்டது. எதிரில் நிற்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று புள்ளிக்குப் புள்ளி அளக்கும் கருவி அது. ஆனால் அந்த நிறுவனத்தின் விளையாட்டுப் பெட்டியோடு மட்டுமே பேசும். நியூயார்க்கின் அடாஃப்ரூட் நிறுவனம், இதைச் சாதாரணக் கணினியோடு இணைக்கும் நிரலை எழுதி வெளிப்படையாகக் கொடுப்பவருக்கு 1,000 டாலர் பரிசு என்று அறிவித்து, பிறகு தொகையை 3,000 வரை உயர்த்தியது. ஒரு வாரத்துக்குள் ஸ்பெயினைச் சேர்ந்த ஹெக்டர் மார்ட்டின் எழுதிவிட்டார். அந்த நிரல் பிராசஸிங்குக்கும் பியூர் டேட்டாவுக்கும் வந்து சேர்ந்தது. ஆய்வகங்கள் மட்டுமே வைத்திருந்த ஆழமறியும் கேமரா கலைக்கல்லூரி மாணவர் கைக்கு வந்த காலம் அது.

சிங்கப்பூர் ஒளிக்கலைக்குப் பழகிய ஊர். இரவு விழா 2008ல் தொடங்கியது. மரினா பேயின் ஐ லைட் விழா 2010ல் தொடங்கியது. ஆர்ட்சயன்ஸ் அரும்பொருளகத்தில் 2016லிருந்து ஜப்பானின் டீம்லேப் குழுவின் ‘ஃபியூச்சர் வேர்ல்டு’ நடக்கிறது. குழந்தை கிரேயானால் வண்ணம் தீட்டிய மீன் அங்கே சுவர்த் தொட்டியில் நீந்தும். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கலையின் வலிமை புரியும். ஆனால் அந்த மீன் எப்படி நீந்துகிறது என்று திறந்து பார்க்க வழியில்லை. பெரிய ஒளிப்படைப்புகளுக்குக் கலைஞர்கள் விரும்பி எடுக்கும் டச்டிசைனரும் அப்படித்தான். அதுவும் பெட்டியும் கோடுமாக இயங்கும் அருமையான கருவி, வணிகம் சாராத பயனுக்கு இலவசம், ஆனால் இலவசப் பதிப்பில் படத்தின் அளவு 1280க்கு 1280 புள்ளிகளைத் தாண்டாது, அதன் உள்நிரலும் நிறுவனத்தின் கையில்.

உள்நிரல் அடுத்தவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு குவார்ட்ஸ் கம்போசர் சாட்சி. 2005ல் ஆப்பிள் தன் கணினிகளுக்கென்று கொடுத்த அந்தக் கருவியை மேடைப்படக் கலைஞர்கள் கொண்டாடினார்கள். ஆண்டுக்கணக்கில் அதில் படைப்புகளைக் கட்டினார்கள். ஆப்பிளின் கவனம் வேறு பக்கம் போனது. 2019ல் அது கைவிடப்பட வேண்டிய பட்டியலில் சேர்ந்தது. கிராட்ஸில் ஒருவர் எடுத்து வளர்த்ததுபோல் இதை எடுத்து வளர்க்க யாருக்கும் உரிமை இல்லை.

யாரும் திறந்து பார்த்து மாற்றக்கூடிய கட்டற்ற கருவிகளிடமும் குறைகள் உண்டு. ஜெம்மின் முகம் பழையது. மேடையேறும் இரவில் மக்கர் செய்தால் போன் போட்டுக் கேட்க ஒரு நிறுவனம் கிடையாது. தமிழர்களுக்கு இன்னொரு தலைவலி. ஜெம்மின் எழுத்துப் பெட்டிகள் எஃப்டிஜிஎல் என்ற தொகுப்பை நம்பியிருக்கின்றன. அது குறியீடுகளை வந்த வரிசையிலேயே வரையும். யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, திரையில் முன்னால் நிற்க வேண்டும். ஆகவே ‘தேக்கா’ என்று அடித்தால் இரட்டைக் கொம்பு தகரத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும். நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருக்கும் நாட்டில் உடைந்த தமிழைச் சுவரில் பாய்ச்சுவது அவமானம். இப்போதைக்கு வழி, எழுத்தை முன்கூட்டியே படமாக்கி பிக்ஸ்-இமேஜ் வழியாக ஏற்றுவது. நிரந்தர வழியும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. எழுத்தைச் சரியாக அடுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரலும் கட்டற்றதே. இரண்டையும் இணைக்க ஒரு தமிழ் நிரலாளர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இங்குள்ள பிள்ளைகளுக்குக் காட்சிவழி நிரலாக்கம் புதிதல்ல. 2014ல் தொடங்கிய ‘கோட் ஃபார் ஃபன்’ திட்டம் 2020லிருந்து தொடக்கப்பள்ளி உயர்வகுப்பு மாணவர் எல்லாரையும் எட்டுகிறது. ஸ்கிராட்ச் போன்ற கட்டை அடுக்கும் நிரல்முறையில் பத்து மணி நேரப் பயிற்சி. அந்த ஸ்கிராட்சிலேயே கேமரா அசைவை உணரும் கட்டைகள் இருக்கின்றன. ‘அசைவு 10ஐத் தாண்டினால்’ என்று ஒரு கட்டையை வைத்து, கையை ஆட்டித் திரையிலுள்ள பலூனை உடைக்கலாம். பிக்ஸ்-மூவ்மென்டில் பார்த்த அதே மாதிரி எண், பத்து வயதுக் குழந்தையின் கையில்.

அந்த எண்ணைத் தெரிந்துகொள்வதற்கு லிட்டில் இந்தியாவில் இன்னொரு காரணமும் உண்டு. 2013 டிசம்பர் 8 இரவு ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடந்த கலவரத்துக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் கண்காணிப்புக் கேமராக்கள் பெருகின. ஞாயிற்றுக்கிழமை மாலை நண்பர்களைப் பார்க்க வரும் வெளிநாட்டு ஊழியர்கள் அந்தக் கேமராக்களின் கீழேதான் நின்று பேசுகிறார்கள். பின்னணியைக் கழித்துவிட்டு அசைவதை மட்டும் பிரித்தெடுப்பது கலைக்கும் கண்காணிப்புக்கும் பொதுவான பாலபாடம். ஓபன்சிவி என்ற கட்டற்ற தொகுப்பு 1999ல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கியதிலிருந்து இரண்டு தரப்புக்கும் உதவி வருகிறது. தன்மேல் விழும் பார்வை எப்படிக் கணக்குப் போடுகிறது என்று அந்த ஊழியர்களில் ஒருவர் ஒரு மடிக்கணினியில் தானே செய்து பார்க்க முடிகிறது என்பதே இந்த மென்பொருள்களுக்காகப் பரிந்து பேச வலுவான காரணம்.

கூடிச் செய்து பார்க்க இந்த ஊரில் இடம் தேடிக்கொண்டவர்களும் உண்டு. 2009ல் புஸ்ஸோரா ஸ்திரீட்டில் தொடங்கிய ஹேக்கர்ஸ்பேஸ் பிற்பாடு கிங் ஜார்ஜஸ் அவென்யூவுக்கு மாறியது, இரண்டுமே லிட்டில் இந்தியாவுக்குப் பக்கம். ஃபாஸ்ஏஷியா அமைப்பு 2015லிருந்து பலமுறை தன் கட்டற்ற மென்பொருள் மாநாட்டை இங்கே நடத்தியிருக்கிறது. எதையும் நிறுவ விருப்பமில்லாதவர்கள் ஒலிவியா ஜாக் எழுதிய ஹைட்ராவை உலாவியிலேயே திறக்கலாம். அங்கே பெட்டிகள் இல்லை, ஒற்றை வரிகள்தான். ஆனால் சாண்டினின் கம்பிப் பெட்டிபோலவே படத்தைப் படத்துக்குள் திருப்பிவிட்டு விளையாடலாம்.

பியூர் டேட்டாவோடு தொடங்குகிறவர்கள் அதை இறக்கி நிறுவியதும் மேல்பட்டியலில் துணைத்தொகுப்புகளைத் தேடும் வரியை அழுத்தி, ஜெம் என்று தட்டி, அங்கிருந்தே சேர்த்துக்கொள்ளலாம். புரியாத பெட்டியின்மேல் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி உதவி கேட்டால் விளக்கக் கட்டுரைக்குப் பதிலாக ஓடக்கூடிய ஒரு மாதிரி திறக்கும். பிக்ஸ்-மூவ்மென்டின் உதவியிலும் அப்படித்தான். அதிலுள்ள பெட்டிகளை அப்படியே நகலெடுத்துத் தன் பக்கத்தில் ஒட்டி, எண்ணை மெல்ல மெல்ல மாற்றியபடி கேமரா முன்னால் கையை அசைத்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.