அவர் அப்படித்தான்!

வேலைக்களம் – 8

“அவர் அப்படித்தான். வாய் கொஞ்சம் நீளம். ஆனா வேலைன்னு வந்துட்டா அவரை அடிச்சிக்க ஆளே இல்லை!”

இந்தச் சமாதானம் ஒலிக்காத அலுவலகம் அரிது. திட்டு வாங்கிய புதியவரை மூத்தவர் தேற்றுவதும் இப்படித்தான், புகாரைக் கேட்ட மேனேஜர் அதை முடித்து வைப்பதும் இப்படித்தான். திட்டியவரிடம் மட்டும் யாரும் எதுவும் பேசுவதில்லை. சென்ற வாரம் மேலதிகாரியிடம் ‘முடியாது’ என்று சொல்வதைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம், திறமையின் பெயரால் நாம் மன்னித்துவிடும் வாய்த்துடுக்கைப் பற்றி. அந்த மன்னிப்புக்கு அலுவலகம் கொடுக்கும் விலை மிகப் பெரிது.

ஓர் அவமதிப்பின் விளைவு

இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் மருத்துவர்கள், செவிலியர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. மொத்தம் 24 குழுக்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் குடல் பாதிக்கப்பட்டு, உடல்நிலை மளமளவென்று மோசமாகிறது. இதுதான் அவர்களுக்குத் தரப்பட்ட பயிற்சி. குழந்தை நிஜமில்லை, பொம்மை. மற்றபடி மருந்து, பரிசோதனை, அவசரம் எல்லாம் நிஜம் போலவே.

வெளிநாட்டு நிபுணர் ஒருவர் பயிற்சியைக் கவனிப்பதாக எல்லாக் குழுக்களிடமும் சொன்னார்கள். சில குழுக்களிடம் அவர் பொதுவாகப் பேசினார். மற்றவர்களிடம், இந்த நாட்டு மருத்துவத்தின் தரம் தன்னைக் கவரவில்லை என்றார். இங்கே இருக்கும்போது தனக்கு நோய் எதுவும் வந்துவிடக் கூடாது என்றும் சொன்னார். கத்தவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. அவ்வளவுதான்.

2015-ல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. அவமதிக்கப்பட்ட குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவரிடம் சொல்வது குறைந்தது. ‘கொஞ்சம் உதவி செய்யுங்கள்’ என்று கேட்பதும் குறைந்தது. அனுபவமுள்ள கைகளையே ஓரிரு வாக்கியங்கள் இப்படித் தடுமாற வைக்குமானால், தினமும் திட்டு வாங்கும் கணக்குப் பிரிவுப் பையன் என்ன ஆவான்? பில்லில் ஒரு சைபர் கூடியிருப்பது அவன் கண்ணில் படுகிறது. சொன்னால், ‘நீ எனக்குச் சொல்லித் தர்றியா?’ என்று கேள்வி வரும். பேசாமல் பைலை மூடி வைத்துவிடுகிறான்.

லாபம் கண்ணில் படும், நஷ்டம் படாது

இப்படிப்பட்டவர்கள் ஏன் நிலைத்து நிற்கிறார்கள்? மைக்கேல் ஹவுஸ்மன், டிலன் மைனர் என்ற இரு ஆய்வாளர்கள் 11 நிறுவனங்களின் 50,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதிவுகளை அலசி, 2015-ல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் வழியாக ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். மோசமான நடத்தைக்காகவும் விதிமீறலுக்காகவும் வேலை பறிக்கப்பட்டவர்கள், வேலையின் அளவில் சராசரி ஊழியரைவிட முன்னே இருந்தார்கள். அவர்களை நிர்வாகம் விட மனமில்லாமல் வைத்திருப்பதன் காரணம் இங்கே தெரிகிறது.

ஆனால் அப்படி ஒருவரைச் சேர்க்காமல் இருந்தால் மிச்சமாகும் தொகை சுமார் 12,500 டாலர். நூற்றில் ஒருவராக ஜொலிக்கும் திறமைசாலியைச் சேர்ப்பதால் கிடைக்கும் ஆதாயமோ சுமார் 5,300 டாலர்தான். கூடவே, அவர்கள் அருகில் வேலை பார்ப்பவர்களும் அதே வழியில் போகும் வாய்ப்பு கூடுகிறது என்றும் அந்த ஆய்வு கண்டது. அவர் பிடித்துவரும் ஆர்டர் அந்த மாதக் கணக்கிலேயே தெரிகிறது. அவரால் வேலையை விட்டவர்களின் பெயர், ‘சொந்தக் காரணம்’ என்ற தலைப்பில் காணாமல் போகிறது.

யாரைச் சொல்கிறோம்?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். கூட்டத்தில் எதிர்க்கேள்வி கேட்பவர், தவறைத் தவறென்று சொல்பவர், அதிகம் பேசாதவர் ஆகியோர்மீது ‘கஷ்டமான ஆள்’ என்ற முத்திரை எளிதாக விழுந்துவிடும். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ராபர்ட் சட்டன், 2007-ல் வெளிவந்த நூலில் இதற்கு இரண்டு சோதனைகள் சொல்கிறார். அவரிடம் பேசிவிட்டு வருபவர் கூனிக்குறுகிப் போகிறாரா? அவருடைய சீற்றம் தன்னைவிட அதிகாரம் குறைந்தவர்மீது மட்டும் பாய்கிறதா? முதலாளி முன் பணிவு, ஆபீஸ் பாயிடம் உறுமல் என்றால் அதைக் ‘கோபக்கார சுபாவம்’ என்று சொல்லாதீர்கள். இடம் பார்த்து வரும் கோபத்தை அடக்கவும் அவருக்குத் தெரியும்.

மாறவும் முடியும். லினக்ஸ் மென்பொருளை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், சக நிரல் எழுத்தாளர்களை மின்னஞ்சலில் வறுத்தெடுப்பதில் பேர்போனவர். 2018 செப்டம்பரில் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சிறிது காலம் பொறுப்பிலிருந்து விலகினார். அந்தத் திட்டத்துக்குப் புதிய நடத்தை விதிகளும் அப்போதே வந்தன.

என்ன செய்யலாம்?

ஆள் எடுக்கும்போது, அவருடைய பழைய மேனேஜரிடம் மட்டும் விசாரிக்காமல், அவருக்குக் கீழே வேலை செய்தவரிடமும் கேளுங்கள். பதவி உயர்வின்போது, அவரிடம் வேலை கற்றுத் தேறியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

அவமதிப்பு நடந்தால் அன்றைக்கே, தனியாக அழைத்து, நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: “காலையில் கூட்டத்தில் ‘உனக்கெல்லாம் யார் டிகிரி கொடுத்தது’ன்னு கேட்டீங்க. இனிமே அது வேண்டாம். அறிக்கையில என்ன தப்புன்னு மட்டும் சொல்லுங்க.” பக்கத்தில் இருப்பவர்களும் வாய் திறக்கலாம். “சார், அறிக்கையைப் பார்ப்போம்” என்ற மூன்று வார்த்தைகளே பேச்சைத் திருப்பிவிடும். திரும்பவும் நடந்தால் எழுத்தில் எச்சரிக்கை, பிறகு இன்கிரிமென்டில் கை வைப்பது. அதற்கும் மசியாவிட்டால் அனுப்பிவைப்பது.

பாலியல் துன்புறுத்தலுக்கு நம் நாட்டில் 2013-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். அதிகாரத்தைக் காட்டி அவமதிப்பதைத் தடுக்கும் கடமையை, ஜப்பான் 2020 ஜூனில் பெரிய நிறுவனங்கள்மீதும் 2022 ஏப்ரலில் சிறு நிறுவனங்கள்மீதும் சுமத்தியது. இங்கே அதற்கென்று தனிச் சட்டம் இல்லாததால், பொறுப்பு நிர்வாகத்தின் தோளில்தான் விழுகிறது.

விதியை எழுதிச் சுவரில் ஒட்டுவது சுலபம். அதிக வருமானம் கொண்டுவருபவர்மீதும் அது பாயும் நாளில்தான் ஊழியர்கள் அதை நம்புவார்கள். அந்த நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.

(உள்ளகக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும், புகாரை எப்படி எழுதுவது? அடுத்த வாரம்...)