ஹேஸ்டிங்ஸில் வென்ற பஞ்சாபியர்

கீர்த்தி பெற்றவரின் பெயரைக் கேட்டமாத்திரத்திலே பாதித் தோல்வியை ஒப்புக்கொண்டுவிடுவது மனித சுபாவம். ஆனால், சதுரங்கப் பலகைக்கு எவர் பெயரும் தெரியாது. இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் நகரத்துப் பந்தயத்தில், 1930-31இல், மீர் சுல்தான் கான் காபபிளாங்காவை வென்ற ஆட்டமே இதற்குத் தக்க திருஷ்டாந்தம்.

வீரரின் வலிமையை எண்ணால் குறிக்கும் முறை அன்று இல்லை. ஆயினும் இருவருள் மேலானவர் யார் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கியூபா தேசத்துக் காபபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலக சாம்பியனாக விளங்கியவர். 1916 முதல் 1924 வரை ஓர் ஆட்டமும் தோற்காதவர். சுல்தான் கானோ, நமது நாட்டு முறைச் சதுரங்கத்தைப் பஞ்சாபில் பயின்றவர். அம்முறையில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். மேனாட்டார் நூல்நூலாக எழுதிவைத்த தொடக்க ஆட்டங்கள் அங்கே பயன்படா. சர் உமர் ஹயத் கானின் ஆதரவில் 1929இல் இங்கிலாந்து சென்ற அவர், அவ்வாண்டே பிரிட்டிஷ் சாம்பியனானார்.

ஹேஸ்டிங்ஸில் பெற்ற வெற்றி தற்செயலன்று. காபபிளாங்காவின் இரண்டு யானைகளும் ஒன்றன்பின் ஒன்றாக உட்புகுந்து, கோட்டை கட்டாத ராஜாவுக்கு முற்றுகையிட்டன. சுல்தான் கான் கலங்கவில்லை. தம் ராணியைக் கொடுத்து அவ்விரு யானைகளையும் வாங்கினார். பின்னர், எதிரியின் ராணிக்கு வழிவிடாமல் அவசரமின்றி நெருக்கி, 65ஆவது நகர்வில் ஜயம் பெற்றார். புத்தகப் படிப்பு தராத பொறுமையும் கூர்மதியுமே அவருடைய படைக்கலங்கள்.

1932இலும் 1933இலும் அவர் மீண்டும் பிரிட்டிஷ் சாம்பியனானார். பின்னர் தம் புரவலருடன் தாயகம் திரும்பினார். சர்வதேசப் பந்தய அரங்கு அவரை மறுபடி காணவில்லை. உலகை வென்ற திறமையும் பிறர் தயவில் தொங்கினால் அதன் கதி இதுவே.

அதனினும் வருந்தத்தக்கது வேறொன்று. உலகச் சதுரங்க சம்மேளனம் 1950இல் முதன்முறையாக 27 பேருக்குக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது. ஆட்டத்தைவிட்டு நெடுங்காலம் ஒதுங்கியிருந்த ரூபின்ஸ்டீனுக்கும் அதில் இடம் கிடைத்தது, அது நியாயமே. ஆனால், அன்று உயிரோடிருந்த சுல்தான் கானுக்கு இடமில்லை. அவர் 1966இல் காலமானார். கௌரவப் பட்டம் வந்தது 2024இல்!

நீதி பிந்தியேனும் வந்தது என்று மகிழ்வோர் மகிழ்க. நாம் கேட்பது ஒன்றே: புரவலரும் புத்தகமும் வாய்க்காத சுல்தான் கான்கள் இன்று எத்தனை ஊர்களில் அறியப்படாதிருக்கின்றனர்? அவர்களை வாழும் காலத்திலேயே தேடிக் கண்டுபிடிப்பதன்றோ நம் கடமை?