மூச்சுவிடும் ஒயர்: ஆக்சிஜன் சென்சார் சாக்கெட்டைப் பழுதுபார்ப்பது எப்படி?

மாணவர்களே, வீட்டுக் காரின் முகப்பில் எஞ்சின் வடிவத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து, அணையாமலே இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கார் ஓடும், ஆனால் பெட்ரோல் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீரும். பட்டறையில் சோதனைக் கருவியைச் செருகினால் பி0135 போன்ற ஓர் எண் வரும். உடனே, “ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும்” என்பார்கள். புதிய சென்சாருக்குச் சில நூறு ரிங்கிட் ஆகலாம்.

அந்த எண்ணின் பொருளைக் கவனியுங்கள். சென்சாரைச் சூடாக்கும் மின்சுற்றில் கோளாறு என்றுதான் அது சொல்கிறது. சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லவில்லை. மின்சுற்று என்றால் ஒயரும் சேர்த்திதான். சென்சாரின் ஒயரைக் காரின் ஒயரோடு சேர்க்கும் சிறிய பிளாஸ்டிக் சாக்கெட்டும் சேர்த்திதான். பணம் கொடுப்பதற்கு முன் அந்த சாக்கெட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

சென்சார் என்ன செய்கிறது?

1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. இந்த அளவு சரியாக இருக்கிறதா என்பதைப் புகையில் மீந்திருக்கும் ஆக்சிஜனை வைத்துக் கண்டுபிடிப்பதே சென்சாரின் வேலை. 1976ஆம் ஆண்டு பாஷ் நிறுவனம் இதைத் தயாரிக்கத் தொடங்கியது.

சென்சாரின் முனையில் சிர்கோனியா என்னும் பீங்கான் பொருள் இருக்கிறது. அதன் வெளிப்பக்கம் புகை. உள்பக்கம் சுத்தமான வெளிக்காற்று. ஏறக்குறைய 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானதும் ஆக்சிஜன் அயனிகள் இந்தப் பீங்கானுக்குள் நகரும். இரு பக்கமும் ஆக்சிஜன் அளவு வேறுபட்டால் மின்னழுத்தம் பிறக்கும். புகையில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருந்தால் 0.8 முதல் 0.9 வோல்ட், அதிகமாக இருந்தால் சுமார் 0.1 வோல்ட். 1920ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்ற வால்ட்டர் நெர்ன்ஸ்ட் கண்ட சமன்பாடுதான் இதற்கு அடிப்படை.

சாக்கெட் ஏன் கெடுகிறது?

சாக்கெட்டின் உள்ளே உள்ள ஊசிகள் செம்புக் கலவையால் ஆனவை. அவற்றின்மேல் பெரும்பாலும் வெள்ளீயம் பூசியிருப்பார்கள். பேராக்கில் நாம் ‘ஈயம்’ என்று சொல்கிறோமே, அதே உலோகம்தான். கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய ஈய வயல்களில் ஒன்று. பத்து காஜா அருகே, தஞ்சோங் துவாலாங் செல்லும் சாலையில், 1938இல் கட்டப்பட்ட ஈயக் கப்பலை இன்றும் பார்க்கலாம். அது தோண்டியெடுத்த தாதுமணல், ஈயமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஆக்சைடு.

அந்தச் சேர்க்கை சாக்கெட்டுக்குள்ளும் நடக்கிறது. பழைய ரப்பர் தோட்டங்களின் செம்மண் பாதையில் கார் குலுங்கும்போது ஊசிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒன்றோடொன்று உரசுகின்றன. மேற்பூச்சு தேய்கிறது, தேய்ந்த ஈயம் காற்றுடன் சேர்ந்து ஆக்சைடாகிறது. ஆக்சைடு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ரப்பர் காப்பு கிழிந்து மழைநீரும் புகுந்தால் செம்பு பச்சை பூத்துவிடும். எலி ஒயரைக் கடிப்பதும் உண்டு.

கொஞ்சம் மின்தடை கூடினால் என்ன ஆகிவிடும்? ஓம் விதியைப் போட்டுப் பாருங்கள். சென்சாரைச் சூடாக்கும் கம்பியின் மின்தடை 6 ஓம், மின்கலம் 12 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் 2 ஆம்பியர்; மின்திறன் 24 வாட். சாக்கெட்டில் 2 ஓம் தடை கூடினால் மின்னோட்டம் 1.5 ஆம்பியராகக் குறையும். கம்பிக்குக் கிடைப்பது 13.5 வாட் மட்டுமே, கிட்டத்தட்டப் பாதி. மேலும் 4.5 வாட் வெப்பம் அந்தச் சிறிய ஊசியிலேயே உண்டாகும். சில சாக்கெட்டுகள் கருகி உருகுவது இதனால்தான்.

பழுதுபார்க்கும் முறை

இதைத் தனியாகச் செய்யாதீர்கள். அப்பாவோ மாமாவோ கூட இருக்கட்டும். புகைக்குழாய் கையைச் சுட்டுவிடும். எஞ்சினை அணைத்து, குழாய் முழுவதும் ஆறிய பிறகே தொடங்குங்கள். காருக்கு அடியில் படுக்க வேண்டியிருந்தால், வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் நுழையாதீர்கள். மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள்.

பூட்டை அழுத்தி, ஒயரைப் பிடித்து இழுக்காமல், பிளாஸ்டிக்கைப் பிடித்துச் சாக்கெட்டைப் பிரியுங்கள். மல்டிமீட்டரால் சென்சார் பக்கத்தில் ஒரே நிறமுள்ள இரண்டு ஒயர்களின் ஊசிகளுக்கு இடையே மின்தடையை அளந்து பாருங்கள். பெரும்பாலான நான்கு ஒயர் சென்சார்களில் அவைதான் சூடாக்கும் கம்பியின் இரு முனைகள். சில ஓம் காட்டினால் கம்பி அறுந்துபோகவில்லை; சந்தேகம் சாக்கெட்டின் பக்கம் திரும்புகிறது. மற்ற இரண்டு ஒயர்களை ஓம் அளவில் வைத்துச் சோதிக்க வேண்டாம்.

ஊசியில் இலேசான அழுக்கு மட்டும் என்றால், உலர்ந்த மெல்லிய தூரிகையால் துடைத்து, சாக்கெட்டைச் சில முறை செருகிக் கழற்றினால் போதும். உரசலில் ஆக்சைடு உரிந்துவிடும். கருகியிருந்தால் புதிய சாக்கெட் போட வேண்டும். வெட்டுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டின் இரு பக்கமும் ஒயர் நிறம் ஒன்றாக இருக்காது. ஆகவே நிறத்தை நம்பாமல், எந்த ஒயர் எந்தத் துளையில் இருந்தது என்று குறித்து வையுங்கள்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். உறுதியாக இருக்கட்டும் என்று ஒயர்களை ஈயம் உருக்கிப் பற்றவைப்பார்கள். வானொலிப் பெட்டிக்கு அது சரி. இந்த சென்சாருக்குச் சரியல்ல. பீங்கானின் உள்பக்கத்துக்கு வெளிக்காற்று வேண்டும் என்று பார்த்தோம். பல சென்சார்களில் அந்தக் காற்று வருவது ஒயரின் வழியாகத்தான்! மேலுறைக்குள் மெல்லிய செம்புக் கம்பிகளுக்கு இடையே உள்ள சந்துதான் அதன் மூச்சுக்குழாய். உருகிய ஈயம் அந்தச் சந்தை அடைத்துவிடும். உள்ளே ஆக்சிஜன் குறையும், மின்னழுத்தமும் குறையும். ‘புகையில் ஆக்சிஜன் அதிகம், பெட்ரோல் போதவில்லை’ என்று காரின் கணினி ஏமாந்து, இன்னும் பெட்ரோல் ஊற்றும். சாக்கெட்டில் கிரீஸ் பூசுவதும், சுத்தம் செய்யும் திரவத்தைத் தெளிப்பதும் இதே காரணத்தால் கூடாது; அவற்றின் ஆவி உள்ளே போய்விடும்.

ஆகவே ஒயர்களை உலோகக் குழலுக்குள் நுழைத்து, அதற்குரிய இடுக்கியால் நசுக்கி இணையுங்கள். மேலே வெப்பத்தில் சுருங்கும் உறையை மாட்டினால் தண்ணீர் புகாது. காற்று உள்ளே செல்லவும் வழி இருக்கும். நான்கு இணைப்புகளும் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாக வையுங்கள். கடைசியில் ஒயரைப் புகைக்குழாயில் படாதவாறு கட்டிவிடுங்கள்.

அதன்பிறகும் விளக்கு எரிந்தால், பட்டறைக்குத்தான் போக வேண்டும். சென்சாருக்கும் வயதாகும்.

ஒரு கணக்கு உங்களுக்கு: சாக்கெட்டில் 2 ஓமுக்குப் பதிலாக 1 ஓம் தடை மட்டும் கூடியிருந்தால் கம்பிக்கு எத்தனை வாட் கிடைக்கும்? விடை 17.6க்கு அருகில் வந்தால் சரி.