எடுத்த சதை எங்கே போகிறது? தெரிந்துகொள்வோம்!



கர்ப்பப்பை ஆபரேஷன், மார்புக் கட்டி ஆபரேஷன், பித்தப்பை ஆபரேஷன் என்று நம் உறுப்பினர்கள் பலர் மருத்துவமனைக்குப் போய் வருகிறார்கள். சித்தேரி மலையில் இருந்து இறங்கி அரூர் போய், அங்கிருந்து தருமபுரியோ சேலமோ போய் ஆபரேஷன் செய்துகொண்டு வருவது லேசான காரியம் இல்லை. குழுவில் கடன் வாங்கி, ஆடு விற்று, வீட்டுக்காரரும் கூலி வேலையை விட்டுவிட்டுத்தான் கூடப் போக வேண்டியிருக்கிறது. இவ்வளவு கஷ்டப்பட்ட பிறகு, கடைசியாக வரவேண்டிய ஒரு காகிதத்தை மட்டும் பலர் வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். அதுதான் சதைப் பரிசோதனை ரிப்போர்ட். அதைப் பற்றி இந்த இதழில் பார்ப்போம்.

"தட்டுல காட்டினாங்களே, போதாதா?"

இந்த ரிப்போர்ட்டைப் பற்றிக் கூட்டத்தில் கேட்டால், "ஆபரேஷன் முடிஞ்சதும் எடுத்த கர்ப்பப்பையைத் தட்டுல வச்சு வீட்டுக்காரர்கிட்ட காட்டினாங்க, அவரும் பார்த்துட்டார்" என்று சொல்கிறார்கள். காட்டுவது வேறு, பரிசோதனை வேறு. மரவள்ளிக் கிழங்கை மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். உடைத்துப் பார்த்தால்தானே உள்ளே கறுப்புக் கோடு ஓடியிருப்பது தெரிகிறது? உடம்பில் இருந்து எடுத்த சதையும் அப்படித்தான். மேலே பார்த்துவிட்டு நல்ல கட்டி, கெட்ட கட்டி என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதற்கென்றே படித்த மருத்துவர் இருக்கிறார். அவரைப் பெத்தாலஜி டாக்டர் என்பார்கள். நாம் அவரைப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் நமக்கு வந்தது என்ன நோய் என்று முடிவாகச் சொல்பவர் அவர்தான்.

சதை கெடாமல் இருக்க

மீனைப் பிடித்து உப்புப் போடாமல் வைத்தால் கெட்டுப்போகும். எடுத்த சதையும் அப்படியே. அதனால் உடனே ஃபார்மலின் என்ற மருந்துத் தண்ணீரில் போட வேண்டும். சதையைப் போல் குறைந்தது 10 மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். பெரிய கட்டியைச் சின்ன பாட்டிலில் திணித்து வைத்தால் நடுப்பகுதிக்கு மருந்து போய்ச் சேராது, உள்ளே அழுகிவிடும். பிறகு எவ்வளவு பெரிய டாக்டர் பார்த்தாலும் பயன் இல்லை.

கண்ணால் பார்க்கும் பரிசோதனை

பாட்டில் பெத்தாலஜி பிரிவுக்குப் போனதும், பாட்டிலில் உள்ள பெயரும் கூட வந்த சீட்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு ஒரு நம்பர் கொடுப்பார்கள். கடைசி வரை அந்த நம்பர்தான் அந்தச் சதைக்குப் பெயர்.

அடுத்து அளவு எடுப்பார்கள். நீளம், அகலம், கனம் எல்லாவற்றையும் சென்டிமீட்டரில் எழுதுவார்கள். எடையும் போடுவார்கள். சாதாரணமாகக் கர்ப்பப்பை ஏறக்குறைய 100 கிராம், அல்லது அதற்கும் குறைவுதான் இருக்கும். நார்க்கட்டி வளர்ந்திருந்தால் அரை கிலோ, ஒரு கிலோ என்றுகூடப் போகும். கர்ப்பப்பையோடு சினைப்பை, சினைக்குழாய் வந்திருந்தால் அதையும் தனித்தனியாக எழுதுவார்கள்.

புற்றுநோய் என்று சந்தேகப்படும் கட்டியாக இருந்தால் சதையின் வெளி ஓரம் முழுக்க மை பூசுவார்கள். வயலுக்கு வரப்பு போல, இது எடுத்த சதையின் எல்லை. பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது, நோய் அந்த மை வரை வந்து தொட்டுக்கொண்டிருந்தால் உடம்புக்குள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம் என்று அர்த்தம். மைக்கும் நோய்க்கும் நடுவில் நல்ல சதை இருந்தால் கட்டி முழுசாக வந்துவிட்டது என்று தெரியும். மறுபடி ஆபரேஷன் வேண்டுமா, கரண்ட் வைத்தியம் வேண்டுமா என்பதற்கெல்லாம் இது முக்கியம்.

பிறகு ரொட்டியை வில்லை போடுவது போல வரிசையாக வெட்டிப் பார்ப்பார்கள். சாதாரண நார்க்கட்டி வெள்ளையாக, கெட்டியாக, நூல் சுற்றி வைத்தது போல இருக்கும். அதில் மெதுவான இடம், மஞ்சள் பூத்த இடம், ரத்தம் கட்டிய இடம், அழுகிய இடம் இருந்தால் டாக்டர் அங்கே கூடுதலாகக் கவனிப்பார். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் என்றால், அக்குளில் இருந்து வந்த கொழுப்பை விரலால் தடவித் தடவி, அதில் உள்ள நெறிக்கட்டிகளை ஒவ்வொன்றாகத் தேடி எண்ணுவார். எத்தனை நெறிக்கட்டிக்கு நோய் பரவியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அடுத்த வைத்தியத்தைத் திட்டமிடுவார்கள்.

இதில் ஒரு பெரிய பொறுப்பு இருக்கிறது. எடுத்த சதை முழுவதையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாது. சந்தேகமான இடத்தில் இருந்தும், நல்ல இடத்தில் இருந்தும் சின்னச் சின்னத் துண்டு எடுப்பார்கள். சரியான இடத்தில் எடுக்காவிட்டால் நோய் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால்தான் இந்தக் கண்ணால் பார்க்கும் வேலையை அவ்வளவு பொறுமையாகச் செய்கிறார்கள்.

மெழுகும் கண்ணாடியும்

எடுத்த துண்டுகளை மெழுகில் பதித்து, மிக மெல்லியதாகச் சீவுவார்கள். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் 200 சீவலுக்கு மேல் போடலாம், அவ்வளவு மெல்லிசு! அதைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஊதா நிறமும் ரோஸ் நிறமும் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். இதற்கெல்லாம் நாள் ஆகும். அதனால்தான் நாம் டிஸ்சார்ஜ் ஆகும்போது ரிப்போர்ட் பெரும்பாலும் தயாராக இருப்பதில்லை. "ஒரு வாரம் கழிச்சு வந்து வாங்கிக்கோங்க" என்பார்கள். நாமோ பஸ் செலவையும் ஒரு நாள் கூலியையும் நினைத்துப் போகாமல் இருந்துவிடுகிறோம்.

"வெட்டிப் பார்த்தா நோய் பரவிடும்" என்று சிலர் பயப்படுகிறார்கள். இது உடம்பில் இருந்து எடுத்து, மருந்தில் போட்ட சதை. அதை வெட்டுவதால் நம் உடம்புக்கு ஒன்றும் ஆகாது.

இந்தக் காகிதம் நமக்கு எதற்கு?

முதலாவது, நோய் என்ன என்று தெரியும். சாதாரணக் கட்டி என்று நினைத்து எடுத்ததில் சில சமயம் புற்றுநோய் இருப்பது இந்தப் பரிசோதனையில்தான் தெரியவரும். ரிப்போர்ட் மருத்துவமனை மேசையிலேயே கிடந்தால், ஆரம்பத்திலேயே வைத்தியம் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். ரிப்போர்ட்டில் 'பினைன்' என்று இருந்தால் புற்றுநோய்க் கட்டி இல்லை என்று அர்த்தம். 'மேலிக்னன்ட்' என்று இருந்தால் புற்றுநோய். எதுவானாலும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டித்தான் முழு விவரம் கேட்க வேண்டும்.

இரண்டாவது, நம்மிடம் இருந்து எதை எடுத்தார்கள் என்பதற்கு இது சாட்சி. "கர்ப்பப்பை மட்டும் எடுத்தாங்களா, சினைப்பையும் சேர்த்தா?" என்று கேட்டால் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. சின்ன வயதில் இரண்டு சினைப்பையும் எடுத்துவிட்டால் மாதவிலக்கு நின்றுபோவதோடு, உடம்பு சூடு, எலும்புத் தேய்மானம் போன்ற தொல்லைகள் சீக்கிரமே வரும். என்ன வந்தது, எத்தனை சென்டிமீட்டர் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும்.

தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் 3 மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரல் மாதம் உத்தரவு போட்டது. ரிப்போர்ட்டில் கட்டி எதுவும் இல்லை என்று வந்தால் உடனே டாக்டர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். கட்டி இல்லாமலும் அதிக ரத்தப்போக்கு வரலாம். ஆனால் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

நாம் கவனிக்க வேண்டியவை

1. ஆபரேஷனுக்கு முன்பே, "எடுக்கிற சதையை டெஸ்டுக்கு அனுப்புவீங்களா? எங்கே அனுப்புவீங்க? எப்போ ரிப்போர்ட் வரும்?" என்று கேளுங்கள்.

2. சில இடங்களில் பாட்டிலை நம் கையில் கொடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். பெயர், வயது, எந்த உறுப்பு, வலதா இடதா என்று பாட்டிலின் மேல் எழுதியிருக்கிறதா பாருங்கள். மூடியில் மட்டும் எழுதியிருந்தால் மூடி மாறிப்போகும்.

3. உள்ளே இருக்கும் ஃபார்மலினைக் கொட்டாதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கண் எரியும், அதனால் திறக்கவும் வேண்டாம். குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டாம். வீட்டுக்கு எடுத்துப் போகாமல் அன்றே லேபில் சேர்த்துவிடுங்கள்.

4. லேப் கொடுக்கும் நம்பர் சீட்டை டிஸ்சார்ஜ் சீட்டோடு சேர்த்து வையுங்கள்.

5. வேறு பெரிய மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், ரிப்போர்ட்டோடு மெழுகு பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடையும் கேளுங்கள். பெத்தாலஜி பிரிவில் அவற்றைப் பத்திரமாக வைத்திருப்பார்கள். மறுபடி சதை எடுக்காமலே அங்கே பார்த்துக்கொள்வார்கள்.

6. மருத்துவப் பதிவுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் டாக்டர் கொடுக்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதி. தயங்காமல் கேளுங்கள்.

குழுவில் என்ன செய்யலாம்?

மருத்துவச் செலவுக்குக் கடன் கொடுக்கும்போதே, ரிப்போர்ட் வாங்கப் போகும் பஸ் செலவையும் சேர்த்துக் கொடுக்கலாம். தனியாகப் போக முடியாதவருக்குத் துணையாக ஊக்குநரோ பிரதிநிதியோ போகலாம். ரிப்போர்ட் படிக்கத் தெரியாவிட்டால் கிராம சுகாதார செவிலியரிடமோ, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமோ காட்டலாம். அடுத்த மாதக் கூட்டத்தில், கடந்த ஒரு வருடத்தில் ஆபரேஷன் செய்த உறுப்பினர்கள் யார் யார், அவர்கள் கையில் ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். இல்லாதவர்கள் அந்த வாரமே டிஸ்சார்ஜ் சீட்டோடு போய்க் கேட்கட்டும்.

தையல் பிரித்ததோடு ஆபரேஷன் முடிந்துவிடவில்லை சகோதரிகளே. ரிப்போர்ட் கைக்கு வந்து, அதை டாக்டரிடம் காட்டிய பிறகுதான் முடிந்தது.