கண்ணுக்கு ஒரு கணக்கு

அமெரிக்காவில் வாழும் என் சின்னம்மாவின் மகன் சென்ற மார்கழியில் தொலைபேசியில் அழைத்தான். தனக்கும் மனைவிக்கும் புதிய மூக்குக்கண்ணாடிகள் வாங்கியதாகச் சொன்னான். சம்பளத்தில் ஒரு பகுதியை வரி பிடிப்பதற்கு முன்பே ஒதுக்கி, உடல்நலச் சேமிப்புக் கணக்கு ஒன்றில் இட்டு வருகிறான். 2003ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் அந்நாட்டில் உருவான ஏற்பாடு அது. தொடக்கச் செலவின் பெரும்பகுதியை நோயாளியே ஏற்க வேண்டிய காப்புறுதித் திட்டத்தில் உள்ளவர்களுக்கே அது கிடைக்கும். கண் பரிசோதனைக்கும் கண்ணாடிக்கும் அதிலிருந்து வரியின்றிப் பணம் எடுக்கலாம்; மிஞ்சுவது அடுத்த ஆண்டுக்குச் செல்லும்.

“லண்டனில் நீங்கள் எந்தக் கணக்கிலிருந்து எடுப்பீர்கள், அண்ணா?” என்று கேட்டான்.

“இங்கே கணக்கு இல்லை, தம்பி. படிவந்தான் இருக்கிறது” என்று சிரித்தேன். தொலைபேசியை வைத்தபின் அந்தச் சிரிப்பு என்னை உறுத்தியது. அந்தப் படிவங்களை அறியாதிருந்ததற்கு விலை கொடுத்தவன் நான்.

நாற்பத்திரண்டாவது வயதில் எனக்குச் சிறிய எழுத்துகள் மங்கத் தொடங்கின. ஒரு காலத்தில் பல்கலைக்கழகத்தில் விரிவுரை ஆற்றியவன், சந்தைக் கடையில் சில பவுண்களுக்கு ஒரு வாசிப்புக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டேன். எழுத்துத் தெரிந்தது, அதுவே போதுமென்று மூன்று ஆண்டுகளைக் கழித்தேன். பரிசோதனைக்குப் பணம் கேட்பார்கள் என்பது ஒரு தயக்கம். இலவசமாகத் தாருங்கள் என்று கேட்பதில் வெட்கம் இன்னொன்று.

இறுதியில் நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால் கண்ணாடி நிலையம் ஒன்றுக்குச் சென்றேன். பரிசோதித்த பெண்மணி முதலில் கேட்டது, “குடும்பத்தில் யாருக்காவது குளுக்கோமா இருந்ததா?” என்பது. கண்ணின் உள்ளழுத்தத்தோடு பெரிதும் தொடர்புடைய, பார்வை நரம்பை அழிக்கும் நோய் அது. என் தந்தையார் ஊரில் தமது கடைசி ஆண்டுகளில் வாசற்படியில் இடறி விழுந்ததும், பக்கத்தில் நிற்பவரைக் காணாமல் நேரே மட்டும் பார்த்ததும் நினைவுக்கு வந்தன. முதுமை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். ஊரிலுள்ள அக்காவை அழைத்துக் கேட்டபோதுதான், வைத்தியர் அந்த நோயின் பெயரைச் சொல்லித் துளிமருந்து கொடுத்திருந்தார் என்பது தெரிந்தது. நான் நாட்டை விட்டு வெளியேறிய பின் நடந்தது அது.

மருத்துவமனையில் என் இடது கண்ணின் ஓரப் பார்வையில் ஒரு பகுதி போய்விட்டதை உறுதிசெய்தார்கள். இந்த நோயில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. போன பார்வை திரும்புவதுமில்லை. இருப்பதைக் காக்கத்தான் மருந்து. நாற்பது வயதைக் கடந்தவரும், பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுள் எவருக்கேனும் இந்நோய் உள்ளவருமான எவருக்கும் இங்கிலாந்தில் கண் பரிசோதனை இலவசம். அந்த மூன்று ஆண்டுகளும் அந்த உரிமை எனக்கு இருந்தது.

இந்த உரிமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1948 ஜூலை 5ஆம் திகதி தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது பரிசோதனையும் கண்ணாடியும் இலவசமாகவே கிடைத்தன. 1951இல் கண்ணாடிக்கும் செயற்கைப் பற்களுக்கும் கட்டணம் விதிக்க அரசு முனைந்தபோது, அச்சேவையை உருவாக்கிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார். 1989இல் பெரும்பாலானோருக்குப் பரிசோதனையும் கட்டணமாயிற்று. 1999இல் அறுபது வயதைக் கடந்தோருக்கு மீண்டும் இலவசமாயிற்று. ஸ்கொட்லாந்திலோ 2006 முதல் அனைவருக்கும் இலவசம்.

இங்கிலாந்தில் இன்று யாருக்கு இலவசம்? பதினாறு வயதுக்குட்பட்டோர், முழுநேரம் கற்கும் பதினெட்டு வயதுவரையானோர், அறுபது வயதைக் கடந்தோர், நீரிழிவோ குளுக்கோமாவோ உள்ளோர், வருமானம் குறைந்தோருக்கான குறிப்பிட்ட சில அரச உதவிகளைப் பெறுவோர் ஆகியோருக்கு. நம்மவரிடையே நீரிழிவு மிகுதி என்பதால் அந்த ஒன்றே பல வீடுகளுக்குப் பொருந்தும். நோயினால் வெளியே செல்ல இயலாத முதியவர் இப்பட்டியலில் இருப்பின் வீட்டுக்கே வந்து பரிசோதிக்கக் கேட்கலாம்.

புகலிடம் கோரி, 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, புகலிடச் சட்டத்தின் 95ஆம் பிரிவின்கீழ் உதவி பெறுவோருக்கு எச்.சி.2 என்னும் சான்றிதழ் அனுப்பப்படும். அதைக் கடிதக் கட்டுக்குள் போட்டுவிடாதீர்கள். பரிசோதனை, கண்ணாடிக்கான உறுதிச்சீட்டு, மருந்து, பல் வைத்தியம் ஆகிய அனைத்துக்கும் அது செல்லும். காலாவதித் திகதியை மட்டும் கவனியுங்கள். அந்த உதவி பெறாத, வருமானம் குறைந்த ஏனையோர் எச்.சி.1 படிவத்தை நிரப்பி விண்ணப்பிக்கலாம். சேமிப்பு 16,000 பவுணுக்கு மேற்படலாகாது. வருமானம் சற்றுக் கூடுதலாயின் எச்.சி.3 என்னும் பகுதி உதவிச் சான்றிதழ் கிடைக்கும்.

ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ளுங்கள். பரிசோதனை இலவசம் என்பதால் கண்ணாடியும் இலவசம் என்றாகாது. வயதினாலோ நோயினாலோ மட்டும் இலவசப் பரிசோதனை பெறுவோருக்கு உறுதிச்சீட்டு வழக்கமாகக் கிடைப்பதில்லை. சிறுவருக்கும், வருமானம் குறைந்தோருக்கும், மிகக் கூடிய வலுவுள்ள வில்லைகள் தேவைப்படுவோருக்குமே அது உண்டு. பரிசோதனை முடிந்ததும் கண்ணாடி அளவுச் சீட்டை உங்கள் கையில் தர வேண்டியது சட்டக் கடமை. அங்கேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மலிவாகக் கிடைக்கும் இடத்துக்குக் கொண்டுசெல்லலாம்.

இவை யாவும் படிவத்தில் எழுதப்பட்டவை. ஆனால் குடும்பத்தில் யாருக்கு அந்த நோய் இருந்தது என்ற கேள்விக்குரிய விடை எந்தப் படிவத்திலும் இல்லை. ஊரில் ஒரே முற்றத்தில் வாழ்ந்தபோது தந்தையின் நோய் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்தது. இன்று ஒரு பிள்ளை லண்டனில், ஒன்று ரொறன்ரோவில், ஒன்று யாழ்ப்பாணத்தில். உடலோடு வந்த நோய் நம்மோடு வந்துவிட்டது. அதைப் பற்றிய செய்தி பின்தங்கிவிட்டது.

எனவே ஊருக்கு அடுத்தமுறை தொலைபேசி எடுக்கும்போது, மழையையும் வழக்கையும் விசாரித்தபின் கண்ணையும் விசாரியுங்கள். அப்பாவுக்கு வைத்தியர் என்ன பெயர் சொன்னார்? அம்மாவுக்குத் துளிமருந்து எதற்கு? கிடைக்கும் விடையை எழுதி வைத்து, உடன்பிறந்தோருக்கும் சொல்லுங்கள். நான் ரொறன்ரோவிலுள்ள தம்பிக்குச் சொன்னேன். அவனும் பரிசோதித்துக்கொண்டான். அவன் கண்கள் இன்னும் முழுமையாக இருக்கின்றன.